சொ. முப்பிடாதி, த/பெ பேச்சிமுத்து

தவறுதலாக. அந்த ஒற்றைச் சொல்லில் வந்து நின்ற முப்பிடாதி டீச்சரின் கண் அதற்கு மேல் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. பாளையங்கோட்டையில், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், நோட்டரி வக்கீல் ஞானசிகாமணியின் ஆபீஸ் வராந்தாவில், கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து, டைப்பிஸ்ட் காதர் பாய் கொடுத்த நகல் தாளை அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். பிழை இருந்தால் இப்பவே சொல்லிவிடுங்கள் டீச்சர், பத்திரத்தில் ஏற்றிய பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போயிருந்தார். பிழை பார்க்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமாக்கும். முப்பது வருசமாக ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை நோட்டுத் திருத்திய கை. ‘என் தகப்பனார் பெயர் பேச்சிமுத்து என்பதாகும். எனது பள்ளிச் சான்றிதழில் என் தகப்பனார் பெயர் சொல்லரசு என்று தவறுதலாகப் பதிவு செய்யப்பட்டுவிட்டது. ஆகவே சொ. முப்பிடாதி ஆகிய நான் இனி பே. முப்பிடாதி என்றே அழைக்கப்படுவேன் என்று சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுகிறேன்.’ எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ‘தவறுதலாகப் பதிவு’ என்று நடுவில் வர வேண்டிய ப் கூட விடாமல் போட்டிருக்கிறார் மனுசர். இந்தக் காலத்தில் ஒற்றுப் போட யாருக்குத் தெரிகிறது, அவள் பள்ளிக்கூடத்துக்கு வருகிற சுற்றறிக்கைகளையே சிவப்பு மையால் திருத்தி அனுப்பலாமா என்று அவளுக்குக் கை துறுதுறுக்கும். சிவப்புப் பேனா இப்போதும் கைப்பைக்குள் இருந்தது. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பிறகு எதற்கு நெஞ்சுக்குள் ஏதோ குறுக்கே விழுந்து கிடக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஏழு வாரம் இருக்கிறது. மஸ்கட்டில் மகள் நித்திலாவுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஏழே ஏழு வாரம், அதற்குள் பாஸ்போர்ட் வந்து, விசா வந்து, இவள் போய் இறங்கி, பிள்ளைக்காரிக்குப் பத்தியம் ஆக்கிப்போட வேண்டும். தலைப்பிரசவம். மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஆனால் வெந்நீர் வைக்கவே யூடியூப் பார்க்கிற பையன். போன வாரம் பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டரில் அந்தப் பெண் இவளுடைய பிறப்புச் சான்றிதழை ஒரு கையிலும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, மேடம், இதில் அப்பா பெயர் பேச்சிமுத்து என்று இருக்கிறது, இதில் சொல்லரசு என்று இருக்கிறது, உங்களுக்கு ரெண்டு அப்பாவா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கேட்கிறதை அவள் கேட்டாள், பாவம். ஆனாலும் பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தன் சிரித்தான், அந்தச் சிரிப்பு இவள் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, குளித்தாலும் போகவில்லை. ஒரே அப்பாதான்மா, அது பேரு, இது பட்டம் என்றாள். பட்டமா, என்ன டிகிரி மேடம் என்றாள் அந்தப் பெண். டிகிரி இல்லை, ஊர் கொடுத்த பட்டம். அப்படியெல்லாம் ஒரு பிரிவு எங்களிடம் இல்லையே, பேசாமல் கெஜட்டில் போட்டு அப்பா பெயரைத் திருத்திக்கொண்டு வாருங்கள், இனிஷியலும் மாறும் என்று பக்குவமாகத்தான் சொன்னாள். வீட்டில் வந்து சொன்னபோது வீட்டுக்காரர் செல்லப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, ஒத்த எழுத்து, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க என்றார். ஒத்த எழுத்துதான். அவருக்கென்ன, பிறந்ததிலிருந்து சு. செல்லப்பா, சுடலையாண்டி மகன் செல்லப்பா, எழுத்தும் ஆளும் ஒட்டிக்கொண்டே பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எழுத்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னபோதுகூட, சர்ட்டிபிகேட் எல்லாம் மாற்ற வேண்டும் என்று சாக்குச் சொல்லி இவள் தன் எழுத்தை விடவில்லை. சாக்குதான் அது. விட மனசில்லை என்று அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

சொ. அந்த எழுத்தை எழுதும்போது பேனா எப்படி வளைந்து வருகிறது. முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ச, பிறகு கால், அது முடிகிற இடத்தில் ஒரு புள்ளி. நாற்பத்தெட்டு வருசமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பாள், வருகைப் பதிவேட்டில், மதிப்பெண் பட்டியலில், சத்துணவு ரிஜிஸ்தரில். இப்போது பே. பேயில் தொடங்குகிற பே. பேந்தப் பேந்த விழிக்கிற பே. வாய் பேச முடியாதவனைப் பே, பே என்று கை ஆட்டிக் கேலி பண்ணுகிற கூறுகெட்ட பிள்ளைகளை இவளே எத்தனை பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறாள். அய்யாவை ஊரே சொல்லரசு என்றது, அவர் மகள் பே என்று போட்டுக்கொண்டு அலைய வேண்டுமா? அட, நீ ஒரு பக்கத்தையே பேசுகிறாய் என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் எழும்பியது. சொ மட்டும் என்ன, ரொம்ப மரியாதையாகவா இருந்தது? அஞ்சாங்கிளாசில் பிச்சம்மா என்ன சொன்னாள்? சொறி முப்பிடாதி. சொத்தைப் பல் முப்பிடாதி. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தபோது அய்யா தோளில் கிடந்த சாக்குத் துண்டை உதறிப்போட்டுவிட்டு, ஏட்டி, ‘சொ’ன்னா என்ன, சொர்க்கமும் அதிலதான வருது, சொக்கநாதரும் அதிலதான வாராரு, போயி அவட்டச் சொல்லு என்றார். இப்போது அவர் இருந்தால் பேக்கும் ஏதாவது சொல்லியிருப்பார். பேரு என்கிறதே பேயில்தானே வருகிறது, பேச்சும் பேயில்தானே வருகிறது என்று சொல்லியிருப்பாரோ? சொல்லியிருப்பார். அவருக்கு எந்த எழுத்தும் அநாதை இல்லை, எதற்கும் ஒரு சொந்தக்காரனைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். நினைத்ததும் சிரிப்பு வந்தது, வராந்தாவில் எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாளோ என்று சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார்.

எல்லாம் இந்த வக்கீல் காலையில் சொன்னதில் தொடங்கியது. ஞானசிகாமணி நல்ல மனுசர், அறுபது தாண்டியவர், ஒரு கேள்வி கேட்டால் அரைமணி நேரம் பதில் சொல்லுகிறவர். பட்டத்தைச் சட்டம் ஏற்குமா சார் என்று இவள் வாயைக் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அரசியல் சாசனத்திலிருந்து ஆரம்பித்தார். பதினெட்டாவது பிரிவு டீச்சர். வெள்ளைக்காரன் காலத்தில் சர் என்றும் ராவ்பகதூர் என்றும் வாங்கிக்கொண்டு ஆட்கள் திரிந்தார்களே, அதெல்லாம் இனிமேல் கூடாது, சுதந்திர நாட்டில் மனுசனுக்கு மனுசன் ஒசத்தி தாழ்த்தி இருக்கக் கூடாது என்று அரசாங்கம் பட்டம் கொடுப்பதையே நிறுத்திப்போட்டார்கள். படித்து வாங்குகிற பட்டத்துக்கும் பட்டாளத்துப் பட்டத்துக்கும் மட்டும் விலக்கு. அப்போ பத்மஸ்ரீ எல்லாம் கொடுக்கிறார்களே என்றாள். அது விருது, பட்டமில்லை, அதையும் பேருக்கு முன்னாலயோ பின்னாலயோ ஒட்டக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது, ஆனால் நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகையில் யார் கேட்கிறார்கள் என்று சிரித்தார். சரி சார், ஊர் கொடுத்தால்? ஊர் கொடுத்தால் சட்டம் தடுக்கவும் தடுக்காது, தாங்கவும் தாங்காது, சட்டத்துக்கு அது காதில் விழாது, அவ்வளவுதான் என்றார். அந்த நியாயம் இவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. மனுசனுக்கு மனுசன் ஒசத்தி இல்லை என்று எழுதி வைத்த கை நல்ல கை. ஆனால் அதே சட்டம் எம்.ஏ., பி.எட். என்று இவள் பேருக்குப் பின்னால் வால் போட்டுக்கொள்ள விடுகிறதே, அந்த எம்.ஏ.யை இவள் எப்படி வாங்கினாள் என்று சட்டத்துக்குத் தெரியுமா? தபால் வழிப் படிப்பு. பரீட்சைக்கு முந்தின வாரம் நோட்ஸ் வாங்கி, நித்திலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மனப்பாடம் பண்ணி, எழுதி முடித்த சாயங்காலமே அம்புட்டையும் மறந்துபோன எம்.ஏ. அது செல்லும், அய்யாவுடையது செல்லாது. நல்ல கதையாக இருக்கிறது.

அய்யா திருநெல்வேலி கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவர். அஞ்சாப்புப் படிப்பு. கூட்ஸ் ஷெட் வேலை முடிந்ததும் யாருக்காவது மனு எழுதிக்கொண்டிருப்பார், விதவைப் பணம் வராதவள், பட்டா கிடைக்காதவன், லைட் எரியாத தெரு. பட்டம் வாங்கித் தந்த அந்தக் கூட்டம் நடந்தபோது இவளுக்கு மூணு வயசு, அதனால் கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டுக் கேட்டுக் கண்ணால் பார்த்ததாக ஆனது எது என்று பிரிக்க முடியாது. எழுபத்திநாலாம் வருசம், அவர்கள் குடியிருந்த பேட்டையில் குடிதண்ணீர் கேட்டுக் கண்டனக் கூட்டம், சாயங்காலம் அஞ்சு மணி. பேச வேண்டிய பெரிய ஆள் வந்த கார் கங்கைகொண்டானுக்குப் பக்கத்தில் நின்றுபோனது. மேடையில் பெஞ்சு தூக்கிப் போட வந்தவர் அய்யா. மைக்கு சும்மா கிடக்கு, சனம் கலைஞ்சிரும், நீ ரெண்டு வார்த்தை பேசுவே என்று யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்கள். அவர் ஒரு மணி நாற்பது நிமிசம் பேசினார். கத்தவில்லை, யாரையும் வையவில்லை, பாட்டுச் சொல்லவில்லை. குடத்தைப் பற்றிப் பேசினார். ‘நான் மூட்டை தூக்குதவன், கனம்னா எனக்குத் தெரியும். ஆனா எம்பொஞ்சாதி தூக்குத குடம் எம்மூட்டைய விடக் கனம். மூட்டைய எறக்கிட்டா வேலை முடிஞ்சிரும். குடத்த எறக்கினா மறுபடி வரிசை ஆரம்பிச்சிரும்.’ இதைச் சொல்லிவிட்டு, வரிசையில் நிற்கிற பொம்பளையின் ஒரு நாளை விடியலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மணியாகச் சொன்னாராம், எந்த மணிக்கு அவள் உட்காருகிறாள் என்று கூட்டத்தையே கேட்டாராம், கூட்டம் விரல்விட்டு எண்ணிப் பார்த்ததாம். ஆம்பிளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள், பொம்பளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பெரிய ஆள் ஒருவழியாக வந்து மேடையேறி, பின்பாதியைக் கேட்டுவிட்டு, மைக்கைப் பிடித்து, சொல்லரசு பேசியாச்சு, இனி நான் பேச என்ன மிச்சம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் இருநூறு பொம்பளைகள் நகராட்சி வாசலில் குடத்தோடு உட்கார்ந்தார்கள், மூணாம் மாசம் தெருவுக்குக் குழாய் வந்தது. அதற்குப் பிறகு பேட்டையில் பேச்சிமுத்து என்று ஒருத்தர் இல்லை. சொல்லரசு பேச்சிமுத்து என்று நோட்டீசில் கொஞ்ச நாள் வந்தது, பிறகு பேச்சிமுத்து உதிர்ந்துபோய்ச் சொல்லரசு மட்டும் நின்றது. தபால்காரர் சொல்லரசு வீடு என்றால்தான் கடிதம் கொண்டுவருவார். அவருக்கு மட்டும் கூச்சம். மூட்டை தூக்குதவனுக்கு எதுக்குவே அரசு என்பார். ஒரு மனுவிலாவது, ஒரு கையெழுத்திலாவது அவர் அதைப் போட்டுக்கொண்டது கிடையாது. இ. பேச்சிமுத்து, கடைசி வரைக்கும் இ. பேச்சிமுத்துதான். சுப்ரீம் கோர்ட்டு சொல்லுவதற்கு எத்தனையோ வருசம் முன்னாலேயே அவர் பேருக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டாமல் இருந்த ஆள் என்று நினைத்தபோது முப்பிடாதிக்கு வக்கீல் அறையைப் பார்த்து, கேட்டீர்களா சார் என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? என்ன ஆதாரம் இருக்கிறது? அந்த நோட்டீஸ் ஒன்றாவது கிடைக்காதா என்று போன ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள், கரையான் தின்ற மண்தான் கொட்டியது. கூட்டத்துக்கு வந்தவர்கள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பேசுவதாக இருந்த பெரிய ஆளும் போய்விட்டார். பட்டம் கொடுத்ததற்குத் தாளும் இல்லை, சால்வையும் இல்லை, போட்டோவும் இல்லை. மைக்கில் சொன்ன ஒரு வார்த்தை, காற்றோடு போயிருக்க வேண்டியது, சனங்கள் வாயில் பிடித்து வைத்துக்கொண்டார்கள், அந்த வாய்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. யோசித்துப் பார்த்தால், அது எழுத்தில் இருக்கிற ஒரே இடம் இவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்தான். இவள் பேருக்கு முன்னால் நிற்கிற அந்தச் சொதான். அதையும் இன்றைக்கு அழித்துவிட்டுப் போகப் போகிறாள், தவறுதலாக என்று சத்தியம் பண்ணி. பயம் என்றால் இது என்ன மாதிரிப் பயம் என்று அவளுக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. அய்யா செத்தபோதுகூட இப்படி இல்லை. அன்றைக்குச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், சொல்லரசு போயிட்டாரே என்று அழுதார்கள். இன்றைக்கு அந்தப் பேரை எடுத்துப் போட இவள் ஒருத்திதான் வந்திருக்கிறாள், அதுவும் கையில் சிவப்புப் பேனாவோடு. நித்திலாவுக்குப் போன் போட்டுப் பேசலாமா? வேண்டாம். அவள் ‘எம்மா, எப்ப வாரே’ என்றுதான் கேட்பாள், வேறு என்ன கேட்பாள், அந்தக் கேள்விக்கு முன்னால் எந்த எழுத்தும் நிற்காது. பேரப்பிள்ளை முதலா, எழுத்து முதலா என்று ஒரு தராசைத் தூக்கிப் பிடிக்கிற அளவுக்கு இவள் ஒன்றும் மூடம் இல்லை. கையெழுத்துப் போடத்தான் போகிறாள். போட்டுத்தான் ஆக வேண்டும். இந்தத் தவறுதலாக மட்டும் இல்லாமல் இருந்தால் எப்போதோ போட்டிருப்பாள்.

தவறு யார் செய்த தவறு? அம்மா செய்தது. அதுவும் தவறு என்று சொல்ல முடியுமா, அந்தக் காலத்துப் பொம்பளைகள் புருசன் பேரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். அம்மா செம்பகமும் அப்படித்தான். எழுபத்தாறாம் வருசம் ஜூன் மாசம், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனார்கள், அய்யா கூட்ஸ் ஷெட்டுக்குப் போயிருந்தார். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார் பெரிய வாத்தியார், இவள் தொட்டாள், வயசு ஆயாச்சு என்று எழுதிக்கொண்டார். புள்ளையோட தகப்பன் பேரு? அம்மாவால் சொல்ல முடியவில்லை, அதனால் ஊர் கூப்பிடுகிற பேரைச் சொன்னாள், வாத்தியார் அதையே பேர் என்று எழுதிவிட்டார், முடிந்தது கதை. இதைத்தான் இத்தனை வருசமாக இவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறாள், கவுண்டரில் சொன்னாள், வக்கீலிடம் சொன்னாள், ஸ்டாப் ரூமில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இவளே எத்தனை தாய்மாரிடம் கேட்டிருக்கிறாள், ஒருத்தி ஆறுமுகம் என்று சொல்ல முடியாமல் ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டுக் காட்டினாள். இப்போதுள்ள பிள்ளைகள் அப்படி இல்லை, புருசனை வாடா போடா என்கின்றன. ஆனால் அம்மா விரல் காட்டுகிறவள் இல்லை. அவளுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. ரேசன் கார்டு எடுக்கப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பக்கத்து வீட்டு இன்னாசியம்மாக்காளைக் கூட்டிக்கொண்டு போவாள், பேர் கேட்கிற இடத்தில் இன்னாசியம்மாக்கா முன்னால் வந்து கணீரென்று பேச்சிமுத்து என்பாள், அவளுக்கு அதற்கு ஒரு டீயும் முறுக்கும். அன்றைக்கும் வந்தாளே. ஆமாம், வந்தாளே. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது இவளுடைய ஒரு கை அம்மா கையில், மறு கை இன்னாசியம்மாக்கா கையில், மூத்திரச் சந்து தாண்டும்போது ரெண்டு பேரும் சேர்ந்து இவளைத் தூக்கித் தாண்டவைத்தார்களே. அப்படியென்றால் இன்னாசியம்மாக்கா எதற்கு வந்தாள்? பேர் சொல்லத்தானே வந்தாள்?

முப்பிடாதி தாளை மடியில் வைத்தாள். பெரிய வாத்தியார் மேசை உயரம். மேசை விளிம்பில் இவள் தாடை. வாத்தியார் கேட்டதும் இன்னாசியம்மாக்கா வழக்கம்போல ஒரு எட்டு முன்னால் வைத்து, பேச், என்று வாயைத் திறந்தாள். அம்மா கை இவள் தலைக்கு மேலே போய் இன்னாசியம்மாக்கா மணிக்கட்டைப் பிடித்து அமுக்கியது. அந்தக் கை இவளுக்கு நினைவிருக்கிறது, கண்ணாடி வளையல் இவள் நெற்றியில் இடித்தது, அது வலித்ததால்தான் நினைவே இருக்கிறது. வளையல் இடித்ததைத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், எதற்கு இடித்தது என்று யோசித்ததில்லை, கழுதை. இன்னாசியம்மாக்கா வாய் திறந்தபடியே நின்றது. அம்மா தலையை நிமிர்த்தி, ஆபீசர் முன்னால் ஒரு நாளும் நிமிர்த்தாத தலையை நிமிர்த்தி, சொல்லரசு என்றாள். வாத்தியார் பேனாவை வைத்துக்கொண்டு, அது பேராம்மா என்று கேட்டார். ‘அதான் பேரு, எழுதுங்க’ என்றாள் அம்மா. வெளியே வந்ததும் இன்னாசியம்மாக்கா, ஏட்டி செம்பகம், ஒனக்கென்ன கிறுக்கா என்று கேட்டதும், அம்மா சிரித்துக்கொண்டே நடந்ததும்கூட இப்போது ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. கூச்சத்தால் சொன்னதில்லை. பேர் சொல்ல வாய் வராமல் சொன்னதில்லை. பேர் சொல்ல ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போயும், அவள் வாயை அடைத்துவிட்டுச் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாதவள், கைநாட்டு, ஆனால் எது எழுத்தில் ஏறினால் நிற்கும், எது காற்றில் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அய்யா போட்டுக்கொள்ள மாட்டார், அரசாங்கம் கொடுக்காது, சரி, நம்ம பிள்ளை தலையில் ஏற்றி அரசாங்கப் புத்தகத்துக்குள்ளேயே அனுப்பி வைப்போம் என்று ஒரு தீர்மானம் பண்ணியிருக்கிறாள் மகராசி. அந்த மேடையில் அவர் பேசியது யாரைப் பற்றி? அவளுடைய குடத்தைப் பற்றி. ஊர் முன்னால் அவள் படுகிற பாட்டை எடுத்துச் சொன்ன மனுசனுக்கு அவள் திருப்பிச் செய்தது இது. அம்மா, நீ இம்புட்டுப் பெரியவளா, எனக்குத் தெரியாமப் போச்சே என்று முப்பிடாதி முந்தானையால் கண்ணை ஒற்றினாள். இத்தனை வருசமும் அய்யாவைப் பற்றியே பேசிப் பேசி அம்மாவை வாயில்லாப்பூச்சி ஆக்கி வைத்திருந்தாளே. எதிரே கிழவர், தண்ணி வேணுமா தாயி என்று கேட்டார், வேண்டாம் என்று தலையாட்டினாள். தலையாட்டும்போதே அவளுக்கு ஒரு விசயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது, இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சத்தியம்.

காதர் பாய் டீ குடித்துவிட்டு வந்து, பிழை ஏதும் உண்டா டீச்சர் என்றார். ஒண்ணு இருக்கு பாய் என்று அவள் சிவப்புப் பேனாவை எடுத்துத் ‘தவறுதலாக’ மேல் ஒரு கோடு இழுத்தாள். அவர் பதறிப்போய், இது ஃபார்மட்டு டீச்சர், நாங்க இருபத்தஞ்சு வருசமா இதான் அடிக்கோம், இது இல்லாட்ட எப்படி என்று தாளோடு வக்கீல் அறைக்குள் ஓடினார், பின்னாலேயே இவளும் போனாள். ஞானசிகாமணி சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார். இவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், இன்னாசியம்மாக்காள், மணிக்கட்டு, வளையல், எல்லாம். சொல்லி முடித்து, தவறுதலா இல்ல சார், வேணும்னேதான் என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, பெயர் திருத்தத்துக்கு அவர்களுக்கு வேண்டியது சட்டப்படியான பெயர் பேச்சிமுத்து என்கிற உறுதிமொழிதான், அது எப்படி மாறி ஏறியது என்பதை உள்ளது உள்ளபடி சொன்னால் தப்பில்லை என்றார். ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்.

‘தவறுதலாகன்னு போட்டா ஒருத்தனும் ரெண்டாம் தடவை வாசிக்க மாட்டான் டீச்சர். நீங்க சொல்லுத மாதிரி போட்டா எவனாவது வாசிப்பான். வாசிச்சா கேள்வி கேப்பான். ஒரு வாரம் பத்து நாள் அங்க இங்க இழுக்கலாம். ஒங்களுக்கு நாள் கம்மி.’

ஏழு வாரத்தில் ஒரு வாரம் போனால் ஆறு. ஆறில் விசாவுக்கு எத்தனை, டிக்கெட்டுக்கு எத்தனை. நித்திலா முகம் வந்து நின்றது, வீங்கின காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு வீடியோவில் காட்டின முகம். பொய் சொன்னால் நேரத்துக்குப் போகலாம், சின்னப் பொய், யாருக்கும் கெடுதல் இல்லாத பொய், ஒத்தச் சொல். ஆனால் போய் இறங்கி, பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கும்போது, உன் பூட்டி தெரியாத்தனமாக உளறினவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கையாலா வாங்குவது? அம்மா அந்த வாத்தியார் முன்னால் நிமிர்த்தின தலையை இவள் இந்த மேசை முன்னால் குனிய வைப்பதா? கேள்வி வரட்டும். அலைய வேண்டுமென்றால் அலைவோம், சென்னைக்குப் போய்க் கெஜட் ஆபீசில் உட்கார வேண்டுமென்றால் உட்கார்வோம், லீவு கிடக்கிறது மூட்டை மூட்டையாக.

‘வாசிக்கணும்னுதான சார் எழுதுதோம்’ என்றாள் முப்பிடாதி. ‘கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிடுதேன்.’

காதர் பாய் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்து அடித்தார், அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அடித்தார், நடுவில் முணுமுணுப்பு நின்றுபோனது. முத்திரைத்தாளில் ஏறிய பிறகு ஞானசிகாமணி அதைச் சத்தமாக வாசித்தார், நோட்டரி முன்னால் அப்படித்தான் வாசிக்க வேண்டுமாம். ‘என் தகப்பனாரின் சட்டப்படியான பெயர் பேச்சிமுத்து. சொல்லரசு என்பது அவர் பெயரல்ல. 1974ஆம் ஆண்டு குடிநீர் வேண்டி நடந்த பொதுக்கூட்டத்தில் அவர் பேசிய பேச்சுக்காகப் பேட்டை மக்கள் அவருக்கு வழங்கிய பட்டம். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது என் தாயார் செம்பகம், என் தகப்பனாரின் பெயரை அறிந்திருந்தும், அப்பட்டத்தையே பெயராகக் கூறிப் பதிவு செய்வித்தார். பட்டம் பெயராகாது என்பதை நான் அறிவேன். ஆகவே இனி என் முதலெழுத்து பே என்றே வழங்கப்படும்.’ வாசித்துவிட்டு அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, தானே இன்னொரு தடவை மனசுக்குள் வாசித்தார். சீல் இருந்த டப்பாவைத் திறந்தார். சட்டம் இதுவரை காதில் வாங்காத ஒன்றை, பெயரில்லை என்று தள்ளுவதற்காகவே, என்ன, எப்போது, எதற்கு, யார் கொடுத்தது என்று முழுசாக எழுதி, சிங்க முத்திரை போட்ட தாளில் ஏற்றியிருக்கிறது என்பது முப்பிடாதிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பேனாவைத் திறந்து, பே என்று எழுதிப் புள்ளி வைத்து, முப்பிடாதி என்று முடித்தாள்.

‘இதில் கண்டது எல்லாம் உண்மைதானா?’ என்று வக்கீல் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே கேட்கிற கேள்வி. ஆனால் இந்தத் தடவை அவர் முத்திரையை ஒற்றாமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

‘உண்மை’ என்றாள் அவள், கணீரென்று. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.